கூடப் போனவனும் குற்றவாளியா?

குற்றங்களும் தண்டனைகளும் பற்றி நம் குடும்பங்கள் அறியவேண்டியவை



"என்ரை பிள்ளை ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. சும்மா கூடப் போனவன்." பொலிஸ் நிலைய வாசல்களிலும் நீதிமன்ற வளவுகளிலும் தாய்மார் அழுதழுது சொல்லும் வார்த்தைகள் இவை. அந்தத் தாய் பொய் சொல்கிறாள் என்று கூறுவதற்கில்லை. அவளுடைய மகன் வாளைக் கையாலும் தொடாமல் இருந்திருக்கலாம். ஆயினும் 'கூடப் போனவன்' என்ற அந்த ஒரு சொல்லே வழக்கில் அவனுக்கு எதிராக நிற்கக்கூடும் என்பதை அவள் அறியாள். அதை அவளுக்கு முன்னதாகவே சொல்லிக்கொடுத்தவரும் இல்லை.

நம் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் ஒரு முக்கிய விதி உண்டு. நடந்த விடயத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு நல்லெண்ணத்தோடு ஒருவர் செயற்பட்டால் சட்டம் அதைக் கவனத்தில் எடுக்கும். ஆனால் 'இது குற்றமென்று எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அதை ஏற்காது. சட்டம் தெரியாமை சாட்டாகாது என்பதே விதி. அப்படியாயின் சட்டத்தின் அடிப்படைகளையாவது தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்தினதும் கடமையாகின்றது. சட்டத்தரணியாவதற்கு வேண்டிய அறிவை இக்கட்டுரை தராது. பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டுமுன் பெற்றோர் சொல்லிவைக்கவேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

பாவமும் சட்டக்குற்றமும்

பாவம் என்பதும் சட்டக்குற்றம் என்பதும் ஒன்றல்ல. அயலவனின் செல்வத்தைக் கண்டு உள்ளூரப் பொறாமைப்படுவது பாவம். அதற்காக எந்த நீதவானும் யாரையும் மறியலுக்கு அனுப்புவதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது குற்றம். கொலையும் களவும் பொய்ச்சாட்சியும் இரண்டிலும் அடங்கும்.

கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமற் போவது பொதுவாகக் குடியியல் வழக்கு. கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு வழக்காடலாம். கடனாளி வறுமைப்பட்டான் என்பதற்காக மட்டும் அவன் குற்றவாளியாகமாட்டான். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு பணத்தை வாங்கியிருந்தால் அது வஞ்சித்தல் என்னும் குற்றமாகும்.

இவ்விடத்தில் ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். தற்கொலைக்கு முயல்வது ஒரு காலத்தில் நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1998ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அப்பிரிவை நீக்கிவிட்டது. ஆகவே நஞ்சருந்திய ஒருவரை 'பொலிஸ் வழக்கு வரும்' என்று அஞ்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்கவே வேண்டாம். அவ்வச்சத்தினாற் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய உயிரைக் குறைக்கிறது. அதே வேளையில், தற்கொலைக்கு இன்னொருவரைத் தூண்டுவதும் துணைசெய்வதும் இன்றும் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றமாகவே இருக்கின்றன.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். 1885 சனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இங்கே குற்றவியலில் உரோம டச்சுச் சட்டமே வழங்கிற்று. புதிய கோவை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. இந்தியா அந்த மூலச் சட்டத்தை 2024 யூலை 1ஆம் திகதி கைவிட்டுப் புதியதொன்றை நடைமுறைப்படுத்தியது. நம்மிடம் பழைய கோவையே பல திருத்தங்களோடு நிலவுகிறது. அத்திருத்தங்களுள் சிறுவரையும் பெண்களையும் பாதுகாக்க 1995இல் செய்யப்பட்டவை முக்கியமானவை.

எந்த வயதில் ஒருவர் குற்றத்துக்குப் பொறுப்பாளியாகிறார் என்பதையும் இக்கோவையே கூறுகிறது. முன்னர் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமே முற்றாக விலக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வயதை 12 ஆக உயர்த்தியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை தன் செயலின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பெற்றிருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கும். 14 வயதைத் தாண்டியவன் தன் செயலுக்குத் தானே பதில் சொல்லவேண்டும். 'சின்னப் பொடியன், விளையாட்டாய்ச் செய்துவிட்டான்' என்று பத்தாம் வகுப்பு மாணவனுக்காகச் சொல்லும் சாட்டு சட்டத்தின்முன் நில்லாது.

'வெறியில் செய்துவிட்டான்' என்பதும் அவ்வாறே. பிறர் வஞ்சகமாகவோ பலவந்தமாகவோ குடிக்கச் செய்திருந்தால் ஒழிய, தானாகக் குடித்தவன் தெளிந்த புத்தியோடு இருந்தவனின் அறிவை உடையவனாகவே கொள்ளப்படுவான்.

செயலைப் போலவே எண்ணமும்

ஒரு மனிதனின் உயிர் போகிறது. அதற்குக் காரணமானவனுக்கு என்ன தண்டனை? ஒரே விடை கிடையாது.

கொல்லவேண்டுமென்று எண்ணிக் கத்தியோடு காத்திருந்து குத்தியிருந்தால் அது கொலை. 296ஆம் பிரிவின்படி அதற்குரிய தண்டனை மரணம். முன்யோசனை எதுவுமின்றி எழுந்த திடீர்ச் சண்டையிலோ, கடுமையான திடீர்ச் சினமூட்டலினால் தன்னடக்கம் இழந்த நிலையிலோ நடந்திருந்தால் அது கொலைக்குற்றமாகாத ஆட்கொலையாகலாம். பத்திரிகைகள் இதைக் 'கைமோசக் கொலை' என்று எழுதுவதுண்டு. இதற்குத் தண்டனை 20 ஆண்டுவரையிலான சிறை. கொல்லும் எண்ணம் சிறிதுமின்றி, கவனயீனமாக வாகனம் ஓட்டி ஒருவரை மோதிக் கொன்றிருந்தால் 298ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுவரையிலான சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். தன் உயிரைக் காக்க வேறு வழியின்றித் தாக்கியிருந்தால், சட்டம் வரையறுத்துள்ள தற்காப்பு உரிமைக்குள் அது அமையுமாயின், குற்றமே இல்லை.

நான்கிலும் ஓர் உயிர் போயிற்று. உள்ளத்தின் நிலையையும் சந்தர்ப்பத்தையும் பொறுத்துத் தூக்குக்கயிறு முதல் விடுதலைவரை முடிவு வேறுபடுகிறது.

காயப்படுத்தலிலும் இத்தகைய படிகள் உண்டு. சாதாரண காயத்துக்கு ஓராண்டுவரை சிறை. ஆபத்தான ஆயுதத்தால் விளைத்தால் 3 ஆண்டுவரை. 'கடுங்காயம்' என்று சட்டம் கூறுவதற்கு 7 ஆண்டுவரை. அதை ஆபத்தான ஆயுதத்தால் விளைத்தால் 10 ஆண்டுவரை. கடுங்காயம் என்றவுடன் கை கால் துண்டிக்கப்படுவதையே பலர் நினைக்கின்றனர். எலும்போ பல்லோ முறிந்தாலும் அது கடுங்காயமே. முகத்தில் விட்ட ஒரே குத்தில் எதிரியின் பல் விழுந்தால், குத்தியவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கூடப் போனவன்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சட்டக்கோவை கூடப் போனவனை மூன்று வழிகளால் பிடிக்கிறது.

முதலாவது, பொது எண்ணம். பலர் ஒரு பொது எண்ணத்தோடு சேர்ந்து குற்றச்செயலொன்றைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தனியே தானே செய்ததுபோலப் பொறுப்பாளியாவர் என்று 32ஆம் பிரிவு கூறுகிறது. வேலித் தகராறொன்றை எடுத்துக்கொள்வோம். அயல்வீட்டுக்காரனை வெட்டுவதென்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்துப் போகிறார்கள். தம்பி அவனுடைய கைகளை இறுகப் பிடித்துக்கொள்ள, அண்ணன் வெட்டுகிறான். தம்பியின் கையில் கத்தி இல்லை. அவனால் ஒரு துளி இரத்தமும் சிந்தப்படவில்லை. ஆயினும் அவனும் வெட்டியவனே.

இரண்டாவது, உடந்தை. ஒருவனைக் குற்றஞ்செய்யத் தூண்டுவது, அவனோடு சதிசெய்வது, அவனுக்கு வேண்டுமென்றே உதவுவது ஆகிய மூன்றும் உடந்தையாகும். தூண்டியதன் விளைவாகக் குற்றம் நடந்துவிட்டால், தூண்டியவனுக்கும் பொதுவாகச் செய்தவனுக்குரிய தண்டனையே. மோட்டார் சைக்கிளைத் தெரிந்துகொண்டே இரவல் கொடுத்தவன், 'ஆள் இப்ப கடையடியில நிக்கிறான்' என்று தொலைபேசியில் அறிவித்தவன், சந்தியில் நின்று பொலிஸ் வருகிறதா என்று பார்த்தவன் ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி இங்கே ஒருவரை அடிப்பிப்பவரும் 'நான் ஊரிலேயே இல்லையே' என்று எண்ணி ஆறுதல் கொள்ள இடமில்லை.

மூன்றாவது, சட்டவிரோதக் கூட்டம். 5 பேரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டம் குறிப்பிடும் தகாத நோக்கமொன்றோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் அங்கத்தவனாயிருப்பதே 6 மாதம்வரை சிறைக்குரிய குற்றம். உயிராபத்து விளைக்கும் ஆயுதத்தோடு நின்றால் 2 ஆண்டுவரை. இவற்றிலும் பார்க்க அச்சந்தருவது 146ஆம் பிரிவு. அக்கூட்டத்தின் பொதுநோக்கத்தை நிறைவேற்ற அங்கத்தவன் ஒருவன் ஒரு குற்றத்தைச் செய்தாலோ, அப்படி ஒன்று நடக்கக்கூடுமென அங்கத்தவர்கள் அறிந்திருந்தாலோ, அவ்வேளை கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவனும் அக்குற்றத்தின் குற்றவாளியாவான்.

போர் முடிந்தபின் வடபகுதிச் செய்திகளில் 'வாள்வெட்டு' என்ற சொல் அடிக்கடி இடம்பெற்று வந்திருக்கிறது. மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஆறு இளைஞர் போகிறார்கள். நால்வரிடம் வாள். ஒருவன் வண்டி ஓட்டுபவன். ஒருவன் கேற்றை உதைத்துத் திறந்தவன். வீட்டுக்காரர் வெட்டப்பட்டு இறக்கிறார். வெட்டியவன் ஒருவனே. ஆனால் வாள்களோடு போவதை ஆறு பேரும் அறிந்திருந்தனர். வாள்கள் எதற்கு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆறு பேருக்கும் கொலைக்குற்றச்சாட்டு வரலாம் என்பதில் வியப்பு என்ன?

பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைச் செய்பவரை மட்டுமன்றி அதிற் பங்குபற்றுபவரையும் குற்றவாளி என்கிறது. தண்டனை 2 ஆண்டுவரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைந்தால் 10 ஆண்டுவரை. 'சீனியர் அண்ணாமார் கூப்பிட்டார்கள், நானும் நின்றேன்' என்பது பதிலாகாது.

நீதிக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தற்செயலாக அவ்விடத்தில் நின்றவன், எதுவும் அறியாமல் வண்டியிற் பின்னால் ஏறிப் போனவன், வெறுமனே வேடிக்கை பார்த்தவன் ஆகியோர் அதனால் மட்டும் குற்றவாளிகள் ஆகமாட்டார்கள். எண்ணத்தைப் பகிர்ந்துகொண்டான் என்பதை வழக்குத்தொடுநர் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். ஆனால் அதை நீதிமன்றம் ஆராய்ந்து முடிப்பதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். பரீட்சையும் வெளிநாட்டுப் பயணமும் கலியாணப் பேச்சும் அதற்காகக் காத்திருக்கமாட்டா.

குற்றம் நடந்தபின் வீட்டார் செய்யும் தவறு இன்னொன்று. இரத்தக்கறை படிந்த சேட்டைத் தாய் கழுவுகிறாள். கத்தியைத் தகப்பன் கிணற்றிற் போடுகிறார். பையனை அன்றிரவே வேறூரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது பெற்ற பாசம் என்பது உண்மையே. ஆனால் குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு சான்றை அழிப்பதும், அவனை மறைத்து வைப்பதும் தனித்தனிக் குற்றங்கள். ஒரு பிள்ளையின் குற்றம் ஒரு குடும்பத்தின் குற்றமாக விரிவது இவ்வாறே. பிள்ளையைச் சட்டத்தரணியிடம் கூட்டிச்சென்று, அவர் மூலம் முன்னிலைப்படுத்துவதே சரியான பாசம்.

கள்ளனைப் பிடித்தால்

கிராமங்களில் அடிக்கடி நிகழும் இன்னொரு விடயம். இரவில் கோழிக்கள்ளனோ சைக்கிள் கள்ளனோ பிடிபடுகிறான். ஊர் திரள்கிறது. தென்னை மரத்திற் கட்டிவைத்து ஆளுக்கு இரண்டு அடி கொடுக்கிறார்கள். அதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துப் பரப்புகிறார்கள்.

தன் கண்முன்னே களவு போன்ற குற்றத்தைச் செய்தவனைப் பொதுமகன் ஒருவரும் பிடிக்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கவேண்டும். தற்காப்புக்குத் தேவையானதிலும் கூடுதலான தீங்கு விளைக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. கட்டப்பட்டவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அதன்பின் விழும் ஒவ்வோர் அடியும் குற்றம். அவன் இறந்துபோனால், கோழி பறிகொடுத்தவரும் அடித்த அயலவரும் கொலைவழக்கின் எதிரிகளாக நிற்பர். களவுக்கு உரிய தண்டனை 3 ஆண்டுவரையிலான சிறை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறர் பொருள்

பொருள் தொடர்பான குற்றங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். வீட்டுக்குள் நடக்கும் களவுக்கும், ஊழியன் தன் எசமானின் பொருளைக் களவெடுப்பதற்கும் 7 ஆண்டுவரை சிறை. பலவந்தம் செய்தோ உடனடித் தீங்கு வருமென அச்சுறுத்தியோ பறித்தால் அது கொள்ளை, 10 ஆண்டுவரை.

நம்மவர் இலேசாக எண்ணும் இரண்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஒன்று நம்பிக்கை மோசடி. சங்கத்தின் பணத்தைப் பொருளாளர் 'அடுத்த மாதம் வைத்துவிடலாம்' என்று தன் வீட்டுச் செலவுக்கு எடுக்கிறார். சீட்டுப் பிடிப்பவர் ஒருவரின் பணத்தைத் தன் கடைக்குப் பயன்படுத்துகிறார். கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளை நேர்மையற்ற விதத்தில் தன் பாவனைக்கு மாற்றுவது குற்றம். திருப்பி வைக்க நினைத்தேன் என்பதனால் மட்டும் அது இல்லாமற் போகாது. சாதாரணமாக 3 ஆண்டுவரை, எழுதுவினைஞராகவோ ஊழியராகவோ இருந்தால் 7 ஆண்டுவரை, அரச உத்தியோகத்தராயின் 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம்.

மற்றது களவுப்பொருள் வாங்குதல். புதிய கைத்தொலைபேசியைப் பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் கால்விலைக்கு ஒருவன் தருகிறான். களவென்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, களவாக இருக்கலாமென்று நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றமே. தண்டனை களவெடுத்தவனுக்குப் போலவே 3 ஆண்டுவரை சிறை. மலிவு என்பதே சிலவேளை எச்சரிக்கை.

பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள்

இதை எழுதும்போது மனம் கூசுகிறது. ஆயினும் மௌனத்தினால் இதுவரை விளைந்த தீமை பெரிது.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர் வேண்டுமென்றே தாக்கியோ, துன்புறுத்தியோ, கவனியாது விட்டோ, கைவிட்டோ வேதனைக்கும் உடற்கேட்டுக்கும் ஆளாக்கினால் அது சிறுவர் கொடுமை. 1995இல் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவு இதற்கு 2 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறையைக் கூறுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் விடுதிப் பொறுப்பாளரும், குருக்களும் துறவியருங்கூட, இதற்குப் புறம்பானவரல்லர்.

16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை. 'விரும்பித்தான் போனாள்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 18 வயதுக்குக் குறைந்தவள்மீது இழைக்கப்படும் வன்புணர்வுக்கு 10 முதல் 20 ஆண்டுவரை கடூழியச் சிறையும், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கோவையில் உண்டு. சிறுவன்மீது செய்யப்படும் பாலியல் துர்ப்பிரயோகமும் அவ்வாறே கடுந் தண்டனைக்குரியது.

'குடும்ப மானம் போய்விடும்', 'எங்கள் சாதிசனத்துக்குள் தீர்த்துவிடலாம்', 'கலியாணம் செய்துவைத்துவிடலாம்' என்று இவற்றை மூடி மறைப்போர் உளர். இவை யாரும் பேசித் தீர்க்கக்கூடிய குற்றங்களல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்கோ அறிவிக்கலாம். மன்னிப்பு என்பது கிறிஸ்தவனின் கடமைதான். ஆனால் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறைப்பதற்கு மன்னிப்பு என்று பெயரிடுவது அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் முறை தீங்கிழைப்பதாகும்.

போதைப்பொருள்

1984ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருப்பதற்கும் கடத்துவதற்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்ற விதி வந்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளையும் சேர்த்து, 5 கிராமிலிருந்து அதே தண்டனையை விதித்தது. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சீனி. இவ்வழக்குகளில் மற்றவற்றைப்போல இலகுவாகப் பிணையும் கிடையாது. 'இந்தப் பொட்டலத்தைச் சந்தியில் நிற்கும் ஆளிடம் கொடுத்துவிடு' என்று சில ஆயிரம் ரூபா தரும் நண்பன், உங்கள் பிள்ளையின் சட்டைப்பையில் எதை வைக்கிறான் என்பதை அவனுக்கு இன்றே விளக்குங்கள்.

தண்டனைகள் எவை?

கோவையின் 52ஆம் பிரிவு தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது: மரணம், கடூழியச் சிறை, சாதாரண சிறை, ஆதனப் பறிமுதல், தண்டப்பணம். முன்னர் இருந்த கசையடியை 2005ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்துவிட்டது.

மரண தண்டனையை நீதிமன்றங்கள் விதித்து வந்தாலும், 1976ஆம் ஆண்டுக்குப்பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய சனாதிபதி ஒப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இத்தண்டனை விதிக்கப்படலாகாது. திருச்சபையும் 2018இல் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று போதித்துள்ளது. எத்தகைய குற்றவாளியிடத்தும் மனந்திரும்புதலுக்கு இடமுண்டு என்பதே அதன் கருத்து.

எல்லாத் தண்டனையும் சிறை வாசலிலேயே முடிவதில்லை. முதற் தடவையாகச் சிறு குற்றஞ் செய்தவரை நிபந்தனையோடு விடுவிக்கவும், நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வைக்கவும், சிறைத்தண்டனையை ஒத்திவைக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் சிறைக்குப் பதிலாகச் சமூகசேவை செய்யவும் பணிக்கலாம்.

கைதுசெய்யப்பட்டால்

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைதுக்கான காரணம் சொல்லப்படவேண்டும் என்கிறது. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியென்றே கருதப்படுவர் என்றும் அது கூறுகிறது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடைசெய்கிறது. பிடியாணையின்றிக் கைதானவரைச் சாதாரணமாக 24 மணி நேரத்துக்குள் நீதவான்முன் கொண்டுவரவேண்டும். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்குகளிற் சான்றாக ஏற்கப்படாது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழில் எழுதும்படியோ விளக்கும்படியோ பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இப்பாதுகாப்புகள் பலவற்றுக்கு விலக்களித்தது என்பதை நம் மக்கள் அனுபவத்தால் அறிவர். அதன்படி தடுத்துவைத்தல் 18 மாதம்வரை நீளக்கூடியதாயிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. அது தனியே எழுதப்படவேண்டிய விடயம்.

உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதோருக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஏழை என்பதற்காகத் துணையின்றி நிற்கவேண்டியதில்லை.

பேசித் தீர்க்கத்தக்கவை

எல்லாவற்றுக்கும் நீதிமன்றப் படியேற வேண்டுமென்று நாம் கூறவில்லை. சாதாரண காயம், ஏச்சுப் பேச்சு, அத்துமீறி வளவுக்குள் நுழைதல், சிறு பொருட்சேதம் போன்றவற்றைப் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு இணக்கமாகத் தீர்க்கச் சட்டமே வழிவகுக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இதற்கே உள்ளன. அயலவரோடு வேலிக்காகப் பதினைந்து ஆண்டு வழக்காடிக் காணியின் பெறுமதியிலும் கூடச் செலவழித்தவர்களை ஊர்தோறும் காணலாம். அவர்களுக்கு மத்தியஸ்த சபையின் வாங்கு எத்தனையோ மேல். கொலை, சிறுவர்மீதான கொடுமை ஆகியவற்றிலோ ஊர்ப்பெரியவரின் சமரசத்துக்கு இடமில்லை. கொலை போன்ற சில பாரதூரமான குற்றங்களை அறிந்தவர் தகுந்த காரணமின்றி அறிவியாமல் இருப்பதும் சட்டமீறலாகும்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளுக்குச் செபமும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவற்றோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நண்பர்கள் 'வாடா, சும்மா போட்டு வருவம்' என்று அழைக்கும்போது, எங்கே, எதற்கு என்று கேட்டபின் காலை எடுத்து வைக்கட்டும். போன இடத்தில் ஆயுதத்தைக் கண்டால் வெட்கத்தை விட்டு உடனே திரும்பி வரட்டும். நள்ளிரவானாலும் கோபியாமல் கதவைத் திறப்பேன் என்ற நம்பிக்கையை அவனுக்குக் கொடுங்கள். அந்தக் கதவு திறக்கும் என்று தெரியாததினாலேயே சில பிள்ளைகள் கடைசிவரை கூடப் போயிருக்கிறார்கள்.

வீட்டிற் கலந்துரையாட

1. நம் பிள்ளைகளின் நண்பர்கள் யார் யார்? அவர்களுள் எத்தனை பேர் நம் வீட்டுக்கு வந்து போகிறார்கள்?

2. கைகளைப் பிடித்துக்கொண்ட தம்பி, வண்டி ஓட்டியவன், தகவல் சொன்னவன் ஆகிய மூவரும் சட்டத்தின்முன் ஏன் பொறுப்பாளிகள்?

3. நாம் அங்கம் வகிக்கும் சங்கத்தின் பணக்கணக்கு ஆண்டுதோறும் எல்லோர்முன்னும் வாசிக்கப்படுகிறதா?

4. நம் அயலில் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை அறிந்தால், இன்றே நாம் செய்யவேண்டியது என்ன?